கண்காணிப்பே சுமையாகும்போது: நெரிசல் வேளையில் தரவுத்தள சர்வர் விழுவது ஏன்?

தரவுத்தள சர்வருக்குள் நடப்பவற்றை நடக்க நடக்கப் பதிவு செய்யும் ஏற்பாட்டுக்கு நிகழ்வுக் கண்காணிப்பு என்று பெயர். யார் உள்ளே வந்தார், என்ன வினவலை அனுப்பினார், அது முடிய எத்தனை மில்லி வினாடி ஆனது, எந்தப் பூட்டு விடுபடக் காத்திருந்தது, எங்கே பிழை வந்தது என எல்லாம் அதில் பதிவாகும். கோளாறைக் கண்டறியவும் மோசடியைத் தடம் பிடிக்கவும் இந்தப் பதிவு இன்றியமையாதது. ஆனால் சர்வர் உச்சச் சுமையில் திணறும் நேரத்தில் இதே ஏற்பாடு அதை இன்னும் தடுமாறச் செய்கிறது. சில வேளைகளில் முற்றிலும் விழவும் வைக்கிறது. அது எப்படி நேர்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படித் தடுப்பது என்பவை சர்வரைப் பராமரிப்பவர்களுக்கு மட்டுமான விஷயங்கள் அல்ல. சுங்கக் கட்டணம் முதல் ரயில் டிக்கெட் வரை அன்றாட வாழ்வு தரவுத்தளங்களை நம்பியே நடக்கிறது.

சுமை எப்படி வருகிறது

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையில், சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் விக்கிரவாண்டி சுங்கச்சாவடி இருக்கிறது. திண்டிவனத்தில் புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் சாலைகள் பிரிகின்றன. விக்கிரவாண்டியில் கும்பகோணம், தஞ்சாவூர் சாலை பிரிகிறது. சென்னையிலிருந்து தென் மாவட்டங்களுக்கும் டெல்டாவுக்கும் செல்லும் வண்டிகளில் பெரும்பகுதி இந்த வழியாகத்தான் போக வேண்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தைய இரவுகளில் இங்கே வண்டிகள் நீண்ட வரிசையில் நிற்பதைத் தமிழ்நாட்டில் அறியாதவர் குறைவு.

2021 பிப்ரவரி நடுவிலிருந்து தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. அன்றிலிருந்து ஒவ்வொரு வண்டியும் ஒரு தரவுத்தளப் பரிவர்த்தனை. வண்டி நெருங்கியதும் கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக் வில்லையை மேலே உள்ள ரேடியோ கருவி படிக்கிறது. அந்த வில்லையில் பேட்டரி கிடையாது. கருவி அனுப்பும் அலையின் ஆற்றலைக் கொண்டே தன் எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. உணரிகள் வண்டியின் வகையைக் கணிக்கின்றன. கேமரா படம் எடுக்கிறது. வில்லை செல்லுபடியாகுமா என்று சரிபார்த்ததும் தடுப்புக் கம்பம் உயர்கிறது. பணம் கழிப்பதற்கான செய்தி சாவடி சர்வரிலிருந்து சாவடிக்குரிய வங்கிக்கும், அங்கிருந்து தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் மையத்துக்கும், பிறகு வில்லையை வழங்கிய வங்கிக்கும் செல்கிறது. பதிலும் அதே வழியில் திரும்பி வருகிறது.

ஒரு சாவடியின் சர்வருக்கு இது தாங்கக்கூடிய வேலைதான். நாடெங்கும் உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாவடிகளின் செய்திகள் மையத்திலும் வங்கிகளிலும் வந்து குவியும்போதுதான் சுமையின் உண்மையான அளவு தெரியும். பண்டிகை இரவில் எல்லாச் சாவடிகளும் ஒரே நேரத்தில் நிரம்புகின்றன.

நாள் குறித்து வராத சுமையும் உண்டு. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் விழுப்புரம் மாவட்டத்தை மூழ்கடித்தது. டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால், சென்னை எழும்பூரிலிருந்து தெற்கே செல்லும் ரயில்கள் பல ரத்தாயின. சில காட்பாடி வழியாகத் திருப்பி விடப்பட்டன. இத்தகைய நாளில் ஒரு ரயில் ரத்தானால் அதில் முன்பதிவு செய்த ஒவ்வொருவரும் நிலவரம் பார்ப்பார், பணத்தைத் திரும்பக் கேட்பார், மாற்று ரயில் தேடுவார். முன்பதிவுத் தரவுத்தளத்துக்கு வரும் வினவல்கள் சில நிமிடங்களில் பன்மடங்காகின்றன.

கண்காணிப்பு எப்படி வேலை செய்கிறது

தரவுத்தள மென்பொருளின் குறிப்பிட்ட இடங்களில் சிறு பதிவுக் கண்ணிகள் வைக்கப்பட்டிருக்கும். வினவல் அந்த இடத்தைக் கடக்கும்போது, கண்காணிப்பு இயங்கிக்கொண்டிருந்தால், ஒரு பதிவு உருவாகும். அது முதலில் நினைவகத்தில் ஒதுக்கப்பட்ட பஃபர் பகுதிக்குப் போகும். பஃபர் நிறைந்ததும் தனியாக ஓடும் ஒரு செயல்முறை அதை டிஸ்க்கில் உள்ள கோப்பிலோ அட்டவணையிலோ எழுதும். மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரில் 2008ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து வந்த விரிவுபடுத்தப்பட்ட நிகழ்வுகள் வசதியும், ஐபிஎம்மின் டிபி2 தரவுத்தளத்தில் உள்ள நிகழ்வுக் கண்காணிப்பானும் இந்த முறையில்தான் இயங்குகின்றன.

டிஸ்க்கில் எழுதும் வேகத்தை விட நிகழ்வுகள் வரும் வேகம் அதிகமானால் பஃபர் நிரம்பிவிடும். அப்போது இரண்டு வழிகளே உண்டு. புதிய பதிவுகளை விட்டுவிடலாம். அல்லது பஃபரில் இடம் கிடைக்கும்வரை வினவலையே நிறுத்தி வைக்கலாம். முதல் வழியில் பதிவு போகும், சேவை தொடரும். இரண்டாம் வழியில் பதிவு தங்கும், சேவை போகும்.

இந்தத் தேர்வை ஒவ்வொரு மென்பொருளும் வெவ்வேறாகச் செய்திருக்கிறது. டிபி2வில் எதுவும் குறிப்பிடாமல் கண்காணிப்பானை உருவாக்கினால், அது காத்திருக்கும் வகையைச் சேர்ந்ததாகவே அமையும். பஃபர்கள் நிறைந்தால் நிகழ்வை உருவாக்கிய செயல்முறை டிஸ்க் எழுத்து முடியும்வரை நிற்கும். எஸ்கியூஎல் சர்வரில் இயல்பு நிலை எதிர்மாறானது: பஃபர் நிறைந்தால் தனி நிகழ்வுகளை இழக்கலாம். ஒரு நிகழ்வும் இழக்கக் கூடாது என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் வினவல்கள் காத்திருக்கத் தொடங்கும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தின் லாக் (பதிவுக் கோப்பு) சேகரிப்பான் எந்தச் செய்தியையும் இழக்காதபடி வடிவமைக்கப்பட்டது. அது பின்தங்கினால் சர்வர் செயல்முறைகள் தடைபட்டு நிற்கக்கூடும் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது.

பேருந்து நடத்துநர் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் பயணியின் பெயர், ஊர், கைபேசி எண் எல்லாவற்றையும் நோட்டில் எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தால், பாதி காலியாக ஓடும் மதிய வண்டியில் அவரால் சமாளிக்க முடியும். தீபாவளிக்கு முந்தைய இரவு, படிக்கட்டு வரை கூட்டம் நிற்கும் வண்டியில் அடுத்த ஸ்டேஜ் வருவதற்குள் டிக்கெட் போட்டு முடிக்க முடியாது. வண்டியை ஓரங்கட்டித்தான் ஆக வேண்டும். தரவுத்தளத்தில் நடப்பதும் இதுவே.

கணக்கு சொல்வது

கண்காணிப்பால் ஏற்படும் கூடுதல் வேலை சோதனைக் கணினியில் மிகச் சிறியதாகத் தெரியும். அதே வேலை உச்சச் சுமையில் ஏன் சர்வரை வீழ்த்துகிறது என்பதற்கு வரிசைக் கோட்பாடு விடை தருகிறது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய டென்மார்க் கணிதவியலாளர் ஆக்னர் எர்லாங் 1909இல் வெளியிட்ட ஆய்வில் தொடங்கிய துறை அது.

ஒரு சர்வருக்கு வினாடிக்கு 100 வினவல்கள் ஒழுங்கில்லாத இடைவெளிகளில் வருகின்றன, ஒன்றை முடிக்க சராசரியாக 8 மில்லி வினாடி ஆகிறது, ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கவனிக்க முடியும் என்று எளிமையாக வைத்துக்கொள்வோம். சர்வர் 80 விழுக்காடு நேரம் வேலையில் இருக்கும். வரிசையில் நிற்பதையும் சேர்த்து ஒரு வினவலுக்கு ஆகும் சராசரி நேரம், எர்லாங் வழி வந்த வாய்பாட்டின்படி, 40 மில்லி வினாடி. இப்போது கண்காணிப்பு இயக்கப்படுகிறது. ஒவ்வொரு வினவலுக்கும் ஒன்றரை மில்லி வினாடி கூடுகிறது. சர்வரின் வேலை நேரம் 95 விழுக்காடாகும். சராசரி நேரமோ 190 மில்லி வினாடிக்குத் தாவும். வேலை ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கூடியிருக்க, மொத்த நேரம் கிட்டத்தட்ட ஐந்து மடங்காகிறது. இன்னும் ஒரு மில்லி வினாடி கூடினால் வேலை 100 விழுக்காட்டைத் தாண்டிவிடும்; அதன் பிறகு வரிசை வளர்ந்துகொண்டே போகும், குறையவே குறையாது.

சர்வர் 20 விழுக்காடு மட்டுமே வேலையில் இருக்கும் சாதாரண நாளில் அதே ஒன்றரை மில்லி வினாடியை யாரும் கவனிக்க மாட்டார்கள். அதாவது கண்காணிப்புக்கு நிலையான விலை கிடையாது. சுமை ஏற ஏற அதன் விலையும் ஏறுகிறது. சுமை உச்சத்தைத் தொடும்போது விலையும் உச்சத்தைத் தொடுகிறது.

இட அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. வினாடிக்கு 5,000 வினவல்கள், ஒவ்வொன்றுக்கும் 4 நிகழ்வுகள், ஒரு பதிவுக்கு 1 கிலோபைட் எனக் கொண்டால் வினாடிக்கு 20 மெகாபைட் எழுத வேண்டும். ஒரு மணி நேரத்தில் 72 கிகாபைட். பண்டிகை இரவில் மூன்று மணி நேரம் நெரிசல் நீடித்தால் 216 கிகாபைட். பல சர்வர்களில் லாக் கோப்புகளுக்கு ஒதுக்கப்படும் இடம் இதைவிடக் குறைவு.

சர்வர் விழும் நான்கு வழிகள்

முதல் வழி, தேக்கம். பதிவை இழக்கக் கூடாது என்ற அமைப்பில் பஃபர் நிறைந்து, வினவல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். சர்வர் உயிருடன்தான் இருக்கும். பதில் மட்டும் வராது. பதில் வராத செயலிகள் இணைப்பைத் துண்டித்து மீண்டும் முயலும். ஒவ்வொரு மறுமுயற்சியும் புதிய சுமை. அனுமதிக்கப்பட்ட இணைப்புகள் தீர்ந்துபோகும். இரட்டைச் சர்வர் அமைப்பாக இருந்தால், நலம் விசாரிக்கும் மென்பொருள் இதை இறந்த சர்வர் என முடிவுகட்டி மாற்றுச் சர்வருக்குத் தாவும். அங்கும் அதே கண்காணிப்பு இருந்தால் அதுவும் விழும்.

இரண்டாம் வழி, நினைவகம் தீர்வது. கண்காணிப்பின் பஃபர்களும் சேகரிக்கும் துணை மென்பொருள்களும் வளர்ந்து நினைவகம் முழுதும் நிரம்பினால், லினக்ஸ் இயங்குதளம் தன்னைக் காத்துக்கொள்ள அதிக நினைவகம் பிடித்திருக்கும் செயல்முறை ஒன்றைத் தேர்ந்து கொல்லும். அந்தப் பட்டியலில் முதலிடம் பெரும்பாலும் தரவுத்தளத்துக்குத்தான். தவறு செய்தது ஒன்று, தண்டனை பெறுவது வேறொன்று.

மூன்றாம் வழி, டிஸ்க் நிரம்புவது. லாக் கோப்புகளும் தரவுத்தளத்தின் மீட்புப் பதிவுகளும் ஒரே டிஸ்க்கில் இருந்தால் ஆபத்து இரட்டிப்பு. எந்த மாற்றத்தையும் முதலில் மீட்புப் பதிவில் எழுதிய பிறகே தரவுத்தளம் ஏற்கும். அதற்கு இடமில்லை என்றால், தரவு சிதைவதைத் தவிர்க்கத் தானே நின்றுவிடும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் இந்நிலையில் பேனிக் எனப்படும் அவசர நிறுத்தத்துக்குப் போகும்.

நான்காம் வழி, கேட்கும் கேள்வியே கனமாக இருப்பது. வினவல் முடிந்த நேரத்தைப் பதிவது எளிது. ஒவ்வொரு வினவலும் எந்தத் திட்டப்படி நிறைவேறியது என்ற முழு விவரத்தையும் பதிவது மிகக் கனமான வேலை. எஸ்கியூஎல் சர்வரில் இந்த வகை நிகழ்வை நெரிசல் மிகுந்த சர்வரில் நெடுநேரம் இயக்குவதற்கு எதிராக மைக்ரோசாஃப்ட் எச்சரிக்கிறது.

இவற்றுக்கு அப்பால், விதிப்படியே நேரும் நிறுத்தமும் உண்டு. எஸ்கியூஎல் சர்வரின் தணிக்கைப் பதிவை எழுத முடியாவிட்டால் சர்வரையே நிறுத்திவிடு என்று அமைக்க முடியும். பாதுகாப்பு கருதி யாரோ என்றோ தேர்ந்தெடுத்த அந்த அமைப்பு மறக்கப்பட்டுக் கிடந்து, டிஸ்க் நிரம்பும் இரவில் செயல்படும். அதைக் கோளாறு என்று தேடினால் கிடைக்காது. சொன்னதைத்தான் சர்வர் செய்திருக்கிறது.

உலகம் கண்ட இரண்டு சம்பவங்கள்

2024 டிசம்பர் 11 அன்று ஓபன்ஏஐ நிறுவனத்தின் சாட்ஜிபிடி உள்ளிட்ட சேவைகள் நான்கு மணி நேரத்துக்கும் மேல் முடங்கின. இந்திய நேரப்படி அது 12ஆம் தேதி அதிகாலை 4.46 முதல் காலை 9.08 வரை. காரணம், சர்வர் தொகுதிகளின் கட்டுப்பாட்டு மையத்தைக் கண்காணிக்கப் புதிதாக நிறுவிய ஒரு சேவை. அது ஒவ்வொரு சர்வரிலிருந்தும் கட்டுப்பாட்டு மையத்திடம் கனமான கேள்விகளைக் கேட்டது. தொகுதி பெரிதாகப் பெரிதாக ஒரு கேள்வியின் கனமும் கூடியது. சோதனைத் தொகுதிகளில் எதுவும் தெரியவில்லை. பெரிய தொகுதிகளில் கட்டுப்பாட்டு மையம் மூழ்கியது. கோளாறின் காரணம் சில நிமிடங்களில் பொறியாளர்களுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அந்தச் சேவையை நீக்குவதற்கும் அதே கட்டுப்பாட்டு மையத்தின் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது.

ரோப்லாக்ஸ் விளையாட்டுத் தளம் 2021 அக்டோபர் 28 தொடங்கி 73 மணி நேரம் முடங்கியது வேறொரு பாடம். அங்கே கண்காணிப்பு மூலகாரணம் அல்ல. ஆனால் விழுந்த அமைப்பையே கண்காணிப்பு மென்பொருளும் நம்பியிருந்ததால், தேவைப்பட்ட நேரத்தில் பொறியாளர்களுக்குத் தகவல் கிடைக்கவில்லை. கண்காணிப்பும் கண்காணிக்கப்படுவதும் ஒரே தூணில் நின்றால் இரண்டும் சேர்ந்தே சரியும்.

கண்டுபிடிக்கும் முறை

சர்வர் விழுந்ததும் முதலில் கை போகும் இடம் ரீஸ்டார்ட். சேவையை மீட்க அது தேவைதான்; ஆனால் அதற்கு முன் ஓரிரு நிமிடம் செலவிட்டுத் தடயங்களைச் சேமிக்க வேண்டும். இயங்குதளத்தின் லாக், தரவுத்தளத்தின் பிழை லாக், டிஸ்க்கில் மீதமுள்ள இடம், அந்நேரம் ஓடிக்கொண்டிருந்த வினவல்களும் அவை காத்திருந்த காரணங்களும் ஆகிய நான்கும் போதும்.

அடுத்து, விழுந்த விதத்தைப் பிரித்தறிய வேண்டும். இயங்குதள லாக்கில் நினைவகம் தீர்ந்து செயல்முறை கொல்லப்பட்டதாக வரி இருந்தால் அது இரண்டாம் வழி. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லாக இருந்தால் அதன் லாக்கில் சிக்னல் 9 வந்து ஒரு செயல்முறை முடிந்ததாக எழுதியிருக்கும். டிஸ்க்கில் இடமில்லை என்ற பிழை இருந்தால் மூன்றாம் வழி. பிழை எதுவுமின்றி, பல வினவல்கள் கண்காணிப்புப் பஃபருக்காகவோ லாக் எழுத்துக்காகவோ காத்திருந்தால் முதல் வழி. மத்தியச் செயலி முழு வேகத்தில் ஓடியும் முடிந்த வினவல்களின் எண்ணிக்கை சரிந்திருந்தால் நான்காம் வழியைச் சந்தேகிக்கலாம்.

பிறகு கால வரிசை. சுமை ஏறத் தொடங்கியது எப்போது, பதில் நேரம் கூடத் தொடங்கியது எப்போது, கண்காணிப்பு இயக்கப்பட்டதும் மாற்றப்பட்டதும் எப்போது என்று ஒரே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். கண்காணிப்பு மாற்றம் பல வாரங்களுக்கு முன்பே நடந்திருக்கலாம். அன்று சுமை இல்லாததால் தீங்கு வெளிப்பட்டிருக்காது. முந்தைய நாளின் மாற்றங்களை மட்டும் தேடுபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

கடைசியாக நிரூபணம். தனிச் சர்வரில், பண்டிகை நாள் அளவுக்குச் செயற்கைச் சுமை கொடுத்து, கண்காணிப்பு இல்லாமல் ஒரு முறையும் முழுதாக இயக்கி ஒரு முறையும் அளக்க வேண்டும். வேறுபாடு பெரிதென்றால் நிகழ்வு வகைகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் எது குற்றவாளி என்று தெரிந்துவிடும். காரணம் உறுதியாகும் முன்பே கண்காணிப்பு மொத்தத்தையும் நிறுத்திவிடுவது தீர்வாகாது. அடுத்த கோளாறு வரும்போது கையில் எந்தத் தடயமும் இருக்காது.

தடுக்கும் முறை

குறைவாகக் கேட்பதே முதல் மருந்து. எல்லா வினவல்களையும் பதிவதற்குப் பதிலாக, குறிப்பிட்ட நேரத்தைத் தாண்டியவற்றை மட்டும் பதியலாம். மைஎஸ்கியூஎல்லின் மந்த வினவல் லாக் இயல்பாகவே 10 வினாடியைத் தாண்டியவற்றைத்தான் எடுத்துக்கொள்ளும். தேவைக்கேற்ப இதை மாற்றலாம். நூற்றில் ஒரு வினவலை மட்டும் மாதிரியாக எடுப்பதும், தனிப் பதிவுகளை விட்டு எண்ணிக்கைகளையும் கூட்டுத்தொகைகளையும் மட்டும் வைத்துக்கொள்வதும் பெரும்பாலான தேவைக்குப் போதும்.

இரண்டாவது, எல்லை வகுப்பது. லாக் கோப்புகளுக்கு மொத்த அளவு வரம்பும், பழையதை அழித்துப் புதியதை எழுதும் சுழற்சியும் இருக்க வேண்டும். அவை தரவும் மீட்புப் பதிவும் இருக்கும் டிஸ்க்கில் இருக்கக் கூடாது. கோளாறு தேடுவதற்காக இயக்கும் கனமான கண்காணிப்பு, குறிப்பிட்ட நேரத்தில் தானாக நின்றுவிடும்படி அமைய வேண்டும். அதை நிறுத்தும் வழி, விழுந்த சர்வரைச் சார்ந்திராமல் தனியாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, தணிக்கையையும் ஆய்வையும் பிரிப்பது. இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும். ஆகவே நெரிசல் என்று சொல்லி எல்லாவற்றையும் நிறுத்திவிட முடியாது. யார் நுழைந்தார், எந்தக் கணக்கில் என்ன மாற்றினார் என்ற தணிக்கைப் பதிவுகள் அளவில் சிறியவை; அவற்றை இழக்காமல் தனிப் பாதையில் எழுதலாம். எந்த வினவல் எத்தனை மில்லி வினாடி எடுத்தது என்ற ஆய்வுப் பதிவுகளே அளவில் பெரியவை. நெரிசலில் அவற்றை இழக்க அனுமதிக்கலாம்.

எதை இழக்கலாம், எதை இழக்கக் கூடாது என்ற இந்த முடிவு மென்பொருளின் இயல்பு அமைப்பிடம் விடத்தக்கதல்ல. பொதுமக்களுக்கான சேவையை நடத்துபவர்கள் அதை முன்கூட்டியே எடுத்து, எழுதி வைத்து, கண்காணிப்பு இயங்கும் நிலையிலேயே பண்டிகைச் சுமையைச் சோதித்துப் பார்க்க வேண்டும். விக்கிரவாண்டியில் வண்டிகள் வரிசையில் நிற்கத் தொடங்கிய பிறகு அந்த முடிவை எடுக்க நேரம் இருக்காது. பொங்கலுக்கு ஒரு மாதம் முன்பே அதை முடித்துவிடுவது எந்த நிறுவனத்தாலும் இயலும் காரியம்தான்.